வாசல் தாண்டி: ஆறுமணிக்குருவியைப் பார்க்கப் போனோம்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் சுயதொழில், கடன், பிள்ளைகளின் படிப்பு என்றுதான் எழுதுவேன். இம்முறை ஒரு பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். "வீட்டில் ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது உல்லாசப் பயணமா?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். எங்கள் சங்கத்திலும் அதே கேள்வி எழுந்தது. கடைசிவரை வாசித்துவிட்டு நீங்களே முடிவு சொல்லுங்கள்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்து மாதர் சங்கத்தில் ஆறு பெண்கள் சேர்ந்து, ஒரு வருடமாக மாதா மாதம் உண்டியலில் காசு போட்டு வந்தார்கள். கோயில் யாத்திரை போவதென்றுதான் முதலில் எண்ணம். அவர்களில் ஒருத்திக்குப் பறவைகளில் விருப்பம். குளத்துக்கு வரும் நாரைகளை எண்ணிக் கொப்பியில் எழுதுகிற பிள்ளை அவள். "நுவரெலியாவில நாங்கள் காணாத குருவியள் இருக்காம், அங்க போவமே" என்று அவள் கேட்டாள். விடுதி வாடகையைக் கேட்டதும் எல்லோரும் வாயடைத்துப் போனோம். அப்போதுதான் நான் ஒரு யோசனை சொன்னேன். வான் ஒன்றைப் பிடிப்போம், பானை சட்டியை ஏற்றுவோம், கூடாரம் அடித்துத் தங்குவோம், நாங்களே சமைப்போம் என்றேன். வெளிநாட்டில் குடும்பம் குடும்பமாகக் காரில் போய் இப்படித்தான் தங்குகிறார்கள் என்றும் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள். அந்த யோசனையில் ஒரு பெரிய பிழை இருந்தது. அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நான் பிறந்தது கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். 1977 கலவரத்துக்குப் பிறகு, எங்களைப் போன்ற பல குடும்பங்கள் போலவே, நாங்களும் வவுனியாவுக்கு வந்து குடியேறினோம். சின்னம்மாவின் மகள் இன்னமும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவள் தோட்டத் தலைவரிடம் சொல்லி, அவர் துரையிடம் பேசி, கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டை நிலத்தில் இரண்டு இரவு தங்க அனுமதி வாங்கித் தந்தாள். மூன்று கூடாரங்களைச் சாரணர் இயக்கத்தில் இருக்கும் உறவுக்காரப் பையனிடம் இரவல் வாங்கினோம்.

2025 மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி தாண்டி, கம்பளையால் ஏறி, புசல்லாவை, இறம்பொடை வழியாகப் போனோம். இறம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீற்றர் உயரம். அதற்கு எதிரில் வானை நிறுத்திக் கட்டுச்சோறு சாப்பிட்டோம். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வன்னி வெயிலில் பழகிய எங்களுக்கு வானை விட்டு இறங்கியதும் பல் கிட்டிக்கொண்டது.

என் தங்கச்சி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, லயத்துல எடம் பத்தாம நாங்க வெளிய படுத்தா அது கஷ்டம்னு சொல்லுவாங்க. நீங்க வானுக்குக் காசு குடுத்து வந்து வெளிய படுக்கப் போறீங்களே" என்றாள். எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் எங்கள் குழுவில் மூத்தவர். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கூடாரத்தை விரித்துக் கம்பை நாட்டும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, நான் உதுக்குள்ள படுக்கமாட்டன். குறை நினையாதையும்."

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. 2009இல் மெனிக் பாம் முகாமில் அவர் இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். அப்போது நான் வவுனியாவில் இருந்தேன். சமைத்த சாப்பாட்டுப் பார்சல்களை வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தவள் நான். வெள்ளைத் தறப்பாளின் கீழே வெக்கையிலும் மழைச் சேற்றிலும் படுத்தவர் அவர். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. ஆனால் படுத்தவர்களின் உடம்பிலிருந்து அது போய்விட்டதா? நான் "முகாமிட்டுத் தங்குவோம்" என்று உற்சாகமாகச் சொன்னபோது, அந்தச் சொல் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆறு பேரில் நாலு பேர் முகாமில் இருந்தவர்கள். ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. அவர்களும் என் மனம் நோகக்கூடாதென்று சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீர் நல்லதுக்குத்தானே செய்தனீர்" என்றார். வானின் பின் ஆசனத்தைச் சரித்து, மெத்தை விரித்து, அங்கே அவருக்குப் படுக்கை போட்டோம். "கதவைப் பூட்டாதேங்கோ" என்பதுதான் அவர் கேட்ட ஒரே உதவி. மற்ற மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருத்தி தங்கச்சியோடு லயத்துக்குப் போனாள். இரண்டு பேர், "இது எங்கட விருப்பத்துக்குப் படுக்கிறதுதானே, பாப்பம்" என்று கூடாரத்துக்குள் போனார்கள்.

சமையலில் அப்படி ஒரு சங்கடமும் வரவில்லை. மூன்று கல் வைத்துச் சமைப்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே! ஆனால் மலையில் சில விடயங்கள் வேறு. தங்கச்சி ஒரு கட்டு மிலாறு கொண்டுவந்து போட்டாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற கிளைதான் மிலாறு. காய்ந்த மிலாறு பற்றினால் நின்று எரியும். காற்று சுழன்று அடிப்பதால், வானைக் காற்றுப் பக்கம் மறிப்பாக நிறுத்தி, தூர விலகி அடுப்பை மூட்டினோம். பருப்பு வேகவே இல்லை. "என்ன பருப்பு இது, கல்லோ?" என்று ஒருத்தி சலித்துக்கொண்டாள். பிழை பருப்பில் இல்லை. உயரம் கூடக்கூடக் காற்றின் அமுக்கம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே தண்ணீர் கொதிக்கும். கொதிக்கிறதே என்று நம்பி இறக்கினால் பருப்பும் கடலையும் அரைவேக்காடுதான். ஆகவே காலையிலேயே ஊறப்போட்டு, மூடி போட்டு, கூடுதல் நேரம் அவிக்க வேண்டும்.

எங்கள் ஆட்கள் மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் சமைத்தார்கள். தங்கச்சி கோதுமை மாவைப் பிசைந்து, தகட்டில் தடித்த ரொட்டி சுட்டு, வெங்காயமும் கொச்சிக்காயும் இடித்த சம்பல் கொடுத்தாள். மலையில் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கட்டிக்கொண்டு போகிற சாப்பாடு இது. சாயத் தண்ணியை உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டு குடித்தோம். வன்னியின் கதையும் தோட்டத்தின் கதையும் அந்த அடுப்படியில் ஒன்றாக வெந்தன. "எங்கட கஸ்டம்தான் பெரிசெண்டு நினைச்சன். ஒரு அறைக்குள்ள மூண்டு தலைமுறை இருக்கினம்" என்று ஒருத்தி பிறகு சொன்னாள்.

சாப்பிட்டதும் மிச்சத்தை மூடி வானுக்குள் வைத்தோம். தோட்டங்களில் காட்டுப்பன்றி வரும், சிறுத்தையும் நடமாடும். எலும்பும் சோறும் வெளியே கிடந்தால் நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும் என்று தங்கச்சி எச்சரித்தாள். அடுப்பில் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றினோம். இன்னொன்று முக்கியம். எவ்வளவு குளிரானாலும் கரிச்சட்டியையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள்ளும் மூடிய வானுக்குள்ளும் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

விடியற்காலை ஆறு மணி இருக்கும். புல்லில் பனி. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காட்டு ஓரத்தில் ஒரு குரல் கேட்டது. விசில் அடிப்பதுபோல இரண்டே இரண்டு சுரம். சற்று நின்று மறுபடி இரண்டு சுரம். நான் கூடாரத்திலிருந்து தலையை நீட்டினேன். அக்கா வானின் கதவருகில் சால்வையைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆறுமணிக்குருவி" என்றார். என்னிடமோ யாரிடமோ அல்ல, தனக்குத்தானே சொன்னார்.

காலையும் மாலையும் ஆறு மணியளவில் கத்துவதால் இந்தக் குருவிக்குத் தமிழில் அந்தப் பெயர். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த மண்ணிற மார்பு, வாலடியில் இரத்தச் சிவப்பு, செட்டையில் நீலம், கண்ணைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையும். ஒன்பது நிறம் என்ற பொருளில் வட இந்தியாவில் நவரங் என்பார்கள். இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதி, மேற்குப்பகுதிக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, மழைக்காலம் முடிய இரவில் பறந்து பறந்து தெற்கே வரும். ஐப்பசி, கார்த்திகையில் கடலைத் தாண்டி இலங்கைக்கு வந்து, சித்திரைக்குள் திரும்பிவிடும்.

தேத்தண்ணி குடிக்கும்போது அக்கா சொன்ன கதையை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். சிறு பிள்ளையாக இருந்தபோது, ஐப்பசியில் வாடைக்காற்றோடு இந்தக் குருவி களைத்து முற்றத்தில் விழுமாம். காகம் கொத்தாமல் அதைக் கடகத்தால் மூடி, சிரட்டையில் தண்ணீர் வைத்து, பொழுதுபட்டதும் திறந்துவிடச் சொல்லி அவருடைய அம்மா பழக்கியிருக்கிறார். 2009ஆம் ஆண்டு ஐப்பசியில் முகாமில் இரண்டு கூடாரங்களுக்கு நடுவே ஒன்று விழுந்து கிடந்ததாம். கடகம் இல்லை. அரிசி கழுவுகிற பாத்திரத்தால் மூடியிருக்கிறார். "பின்னேரம் திறந்துவிட்டன். கொஞ்ச நேரம் நிலத்தில நிண்டுது. பிறகு எழும்பிக் கம்பியைத் தாண்டிப் போட்டுது. நான் பாத்துக்கொண்டு நிண்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தக் கொப்பிப் பிள்ளை, "அக்கா, அதை நான் எழுதட்டே?" என்று கேட்டாள். "எழுது" என்றார்.

காலை நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போனோம். விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி 1897இல் பெயரிடப்பட்டது. நகரத்தின் நடுவில், பஸ் நிலையத்துக்குக் கிட்டவே இருக்கிறது. மலர் பார்க்க வருபவர்கள்தான் அதிகம். ஆனால் குளிர்காலத்தில் பறவை பார்ப்பவர்கள் உலகின் பல திசைகளிலிருந்தும் இங்கே வருகிறார்கள். காஷ்மீரில் குஞ்சு பொரிக்கும் செம்மார்பு ஈப்பிடிப்பான் என்ற கைக்குள் அடங்கும் குருவி, குளிர்காலத்தைக் கழிக்க நம் மலைநாட்டுக்குத்தான் வருகிறது. அதைப் பார்க்கவே பலர் வருகிறார்கள்.

பூங்காவுக்குள் போனதும் நான் கவனித்தது ஒன்று. "மேலே பாருங்கள், கிளையில் இருக்கிறது" என்று நான் சொன்னால் எல்லோரும் தயங்கினார்கள். ஒருத்தி வெளிப்படையாகவே சொன்னாள்: "எங்களுக்கு வானத்தைப் பாக்கிறதெண்டால் கிபிர், இல்லாட்டி வண்டு. சத்தம் கேட்டால் ஓடத்தான் தெரியும். நிண்டு பாக்கத் தெரியாது." இரவல் வாங்கிய தொலைநோக்கியை எடுத்தபோது இன்னொருத்தி, "உதை வெளியில எடுக்காதேங்கோ, ஆரும் பாத்தால்" என்று என் கையைப் பிடித்தாள். ஒரு காலத்தில் அதை வைத்திருந்தாலே விசாரணைதான். பக்கத்தில் நின்ற சிங்களத் தம்பதி தங்கள் தொலைநோக்கியால் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதைக் காட்டினேன். ஐந்து நிமிடம் கழித்து அவளே கேட்டு வாங்கினாள். பிறகு திருப்பித் தரவே இல்லை.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சிட்டுகள் கூட்டமாகப் பறந்தன. எங்கள் கொண்டைக்குருவிக்கு உறவான, காதருகே மஞ்சள் இறகுக்கற்றை உள்ள ஒன்று பழம் தின்றது. இவை இரண்டும் உலகில் இலங்கையில் மட்டும் வாழ்பவை. இப்படி இலங்கைக்கே உரிய பறவைகள் 30க்கும் மேல் உண்டு. பூங்காவின் பின்பக்கம் ஓடும் சிற்றோடையில் நகரத்துக் குப்பையும் மிதக்கிறது. அந்த ஓரத்தில் நிழலில் சருகைப் புரட்டிக்கொண்டு ஒன்று நின்றது. முதலில் கண்டது அக்காதான். அவருக்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. ஆறுமணிக்குருவி புழு ஒன்றைப் பிடித்து விழுங்கிவிட்டு, வாலை ஆட்டி, திரும்பிப் பார்த்தது. "இவ்வளவு தூரம் வந்து நல்லாத்தான் இருக்கிறார்" என்றார் அக்கா.

பின்னேரம் ஹக்கல பூங்காவுக்குப் போய், வழியில் சீதையம்மன் கோயிலிலும் கும்பிட்டோம். ஹக்கல பூங்கா 1861இல் காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. ஹோட்டன் சமவெளிக்கும் போக ஆசைப்பட்டோம், கையில் இருந்த காசு போதவில்லை. 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்தப் புல்வெளியும் காடும் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளுக்கும் ஊற்று. 2010இல் அது மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பிரதேசத்தில் ஒரு பகுதியானது. அங்கே இரவு தங்குவதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே எடுத்து, அவர்கள் குறித்த இடத்தில் மட்டும் தங்கலாம். பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். மரைக்குத் தின்னக் கொடுக்கக் கூடாது.

என் தங்கச்சிக்கு நான் ஒரு செய்தி சொன்னேன். இலங்கைப் பறவைகளைப் பற்றி 1955இல் வெளிவந்து இன்றும் பலர் புரட்டுகிற ஆங்கில நூலை எழுதிப் படமும் வரைந்தவர் ஜி. எம். ஹென்றி. அவர் 1891இல் பிறந்தது கந்தப்பளைத் தோட்டம் ஒன்றில்தான். "தொரமாரு புள்ளைக்கு நேரம் இருந்திருக்கும்" என்றாள் அவள். பிறகு, "நாங்களும் தினம் பாக்குறோம் அக்கா. பேருதான் தெரியாது. கொழுந்து எடுக்கும்போது எது கத்துனா மழை வரும்னு எங்களுக்குத் தெரியும்" என்றாள். நான் தலை குனிந்தேன். அவளிடமும் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் இரவும் அக்கா வானில்தான் படுத்தார். கூடாரம் அவருக்குப் பழகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது உண்மையல்ல. பழக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சேர்ந்து போவதென்றால் எல்லோரும் ஒரே மாதிரிப் படுக்க வேண்டும் என்பதில்லையே.

சகோதரிகளே, நீங்களும் போக நினைத்தால் சில குறிப்புகள். மாசி, பங்குனி நல்ல காலம். மழை குறைவு, அட்டைக் கடியும் குறைவு. ஆனால் இரவில் கடும் குளிர், சில நாட்களில் உறைபனியும் விழும். ஆளுக்கு இரண்டு போர்வை வேண்டும். சித்திரையில் சனநெரிசல், வாடகை எல்லாம் இரட்டிப்பு. 2025 கார்த்திகை இறுதியில் டித்வா புயலால் மலைநாட்டில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. ஆகவே பாதையையும் தங்கும் இடத்தையும் அங்குள்ளவர்களிடம் விசாரித்துவிட்டே புறப்படுங்கள். மண் வெட்டிய சரிவின் கீழே கூடாரம் அடிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முதலில், கூட வருபவர்களிடம் ஒவ்வொருவராகக் கேளுங்கள்: எங்கே படுக்க விருப்பம், எது பயம், எது வேண்டாம்.

போக வசதியில்லையா? மன்னார் வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் பூநாரைகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அவை நம் வாசலில் நிற்கின்றன. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். திகதி, இடம், என்ன பறவை, எத்தனை என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதுங்கள்.

திரும்பி வந்த பிறகு எங்கள் சங்கத்தில் ஞாயிறு காலைகளில் நாலைந்து பேர் குளக்கட்டுக்குப் போகிறார்கள். அக்காவும் போகிறார். அவருக்கு எழுத்து வேகமாக வராது. அவர் சொல்ல, பிள்ளை எழுதுகிறாள். கடந்த ஐப்பசியில் அந்தக் கொப்பியில் ஒரு வரி இருக்கிறது: "ஆறுமணிக்குருவி, ஒன்று, எங்கட முற்றம். தண்ணீர் வைத்தோம். பின்னேரம் போய்விட்டது."

அடுத்த மாதம் சந்திப்போம்.